பூட்டுப் போட்ட ஐந்து வருடங்கள்

பிரவுன் வழக்கு என்றதும் எல்லோரும் 1954 மே 17-ஐச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்று ஒரே குரலில் சொன்னார்கள், 1896-லிருந்து ஓடிக்கொண்டிருந்த ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற ஏமாற்று வேலை பள்ளிக்கூடத்தளவில் முடிந்தது, சுபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பல வழக்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மூட்டை என்பதும், அதில் ஒன்றைக் கிளப்பிவிட்டது பதினாறு வயதுப் பெண் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), அதில் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப்பள்ளியை 1939-ல் கட்டும்போது 180 பேருக்கென்று கட்டினார்கள். 1951-ல் படித்தது 450 பேருக்கும் மேல். புதுக் கட்டடம் கேட்டதற்கு, தார் பூசிய காகிதத்தைச் சுவராக ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது கல்வி வாரியம். நடுவில் ஒரு கணப்பு அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வியர்க்கும், தள்ளி இருந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே பாடம் கேட்பார்கள். மழை பெய்தால் வகுப்புக்குள்ளேயே குடை பிடிக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் ஏப்ரல் 23 அன்று, நான் சொன்ன பதினாறு வயதுப் பெண் பார்பரா ஜான்ஸ் செய்த காரியம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. தலைமையாசிரியருக்கு ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பு போனது, பஸ் நிலையத்தில் உங்கள் மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று. அவர் கிளம்பிப் போனதும் அவர் பெயரிலேயே துண்டுச் சீட்டு எழுதி எல்லா வகுப்புகளையும் அரங்கத்துக்கு வரவழைத்தார்கள். திரை விலகினால் மேடையில் நிற்பது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்.

அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம், அவ்வளவுதான். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்து, பிரித்து வைப்பதையே எதிர்ப்பதாக இருந்தால்தான் வழக்கு என்றார்கள். பிள்ளைகள் சரி என்றார்கள். அப்புறம் பள்ளி வளாகத்தில் சிலுவை எரிந்தது, வெள்ளை இனவெறியர்கள் மிரட்டும் வழி அது. பயந்துபோன பெற்றோர், பார்பராவை அலபாமாவில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பிவிட்டார்கள் (மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன்னால் அதே தேவாலயத்தில் போதகராக இருந்தவர் அவர்தான்).

வழக்கில் ஜெயித்தாயிற்று. 1955-ல் அதே நீதிமன்றம், இரு நிறத்துப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் எப்போது சேர்க்க வேண்டும் என்று தேதி போடாமல், ‘உரிய நிதானத்தோடு கூடிய வேகத்தில்’ என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வைத்தது. நிதானம் என்ற சொல்லை மட்டும் தெற்கு மாநிலங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 1957-ல் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் ராணுவக் காவலோடு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த படம் எல்லோருக்கும் தெரியும். ஃபார்ம்வில்லில் நடந்ததற்கு அப்படியொரு பிரபலமான படம் இல்லை. 1959-ல் சேர்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்ததும், கவுன்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்காமல் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடிவிட்டது. கறுப்புப் பிள்ளையோடு உட்காருவதைவிட யாருக்குமே பள்ளி வேண்டாம் என்கிற அளவுக்கு வீம்பு! அதிலும் வெள்ளைக்காரர்களுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது, அதற்கு அரசின் உதவித்தொகையும் கிடைத்தது.

கறுப்பினப் பிள்ளைகள்? சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள், சிலர் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் கொஞ்சம் எழுதப் படித்தார்கள், நிறையப் பேருக்கு அதுவும் இல்லை. 1963-ல் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் ஓராண்டு நடந்தன. 1964-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகுதான் அரசுப் பள்ளிகள் திறந்தன. தீர்ப்பு வந்து பத்து வருடம் கழித்து, அதுவும் வழக்குப் போட்ட ஊரிலேயே.

இப்படிப் படிப்பை இழந்தவர்களுக்கென்று வர்ஜீனியா அரசு 2004-ல் ஒரு கல்வி உதவித்தொகையை ஏற்படுத்தியது. 1959-ல் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று.