கதவைத் திறந்து வைத்த மெக்கானிக்

தண்ணீர் கலந்து கெட்டுப்போன பெட்ரோலை எடுக்க என் வேனின் டேங்கைத் தொடுவதற்கு முன்னால், மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குள் எரிந்துகொண்டிருந்த கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் தூரமாக வெளியே வைத்தார். கதவை அகலத் திறந்தார்.

கோத்தகிரியில் இன்று கை விறைக்கும் குளிர்.

"பெட்ரோலுக்குக் குளிரெல்லாம் தெரியாது தம்பி."

உண்மைதான். மைனஸ் 40 டிகிரியில்கூட தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து எங்கோ இருக்கும் நெருப்பைப் போய்த் தொடும். மலையில் நாம் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறோமே, அதை நினைத்தால்தான் பகீரென்கிறது.

தீப்பொறி வராமல் இருக்க பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினார். டியூபை வாய் வைத்து உறிஞ்சவில்லை, கைப்பம்புதான். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

டேங்கின் அடியில் இருந்ததை கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். கீழே தனியாக, கலங்கலாக ஒரு அடுக்கு. எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமானால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு முதலில் போவது அதுதான்.

அப்புறம் டேங்க், லைன் சுத்தம், புது ஃபில்டர்.

எனக்கு மரியாதை கூடியது அதற்குப் பிறகுதான். கெட்டுப்போன பெட்ரோலை அவர் சாக்கடையில் ஊற்றவில்லை. மூடியுள்ள இரும்பு கேனில் அடைத்து, தனியாக எடுத்து வைத்தார். இந்தச் சரிவின் ஓடைகள் கடைசியில் பவானி ஆற்றில்தான் சேர்கின்றன. கீழே ஆற்றங்கரை ஊர்களில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.