காக்கி காயும் நாட்கள்

நவம்பர் 9, 2024

கலிபோர்னியாவின் லூமிஸுக்கு வந்தாயிற்று. வருடாவருடம் இவருடைய அத்தை வீட்டில் காக்கி உரிக்கும் வேலை. காக்கி என்றால் போலீஸ் உடுப்பு இல்லை, பெர்சிமன் பழத்துக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர். இது ஹச்சியா வகை. இப்போது கடித்தால் துவர்ப்பில் நாக்கு மரத்துவிடும், காய்ந்தால் தேன். காம்போடு சின்னக் கிளைத்துண்டையும் விட்டுப் பறிக்க வேண்டும். கயிறு கட்டுவது அதில்தான். நான் இரண்டை ஒடித்துவிட்டேன். "எங்கம்மா இருந்தால் கத்தியைப் பிடுங்கியிருப்பாள்" என்றார் அத்தை. தொண்ணூற்றாறு வயது, கை நடுங்கவில்லை. ஒடிந்தவற்றை மூங்கில் குச்சியில் குத்தித் தொங்கவிட்டோம்.

நவம்பர் 17

மேலே வறண்டுவிட்டது. இனி அடிக்கடி பிசைந்துவிட வேண்டும், குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல.

அத்தையின் அம்மா 1917-ல் ஜப்பானின் வாகயாமாவிலிருந்து வந்தவர். மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. துறைமுகத்தில் நின்ற ஆளுக்கு அந்தப் போட்டோவைவிடப் பத்து வயது கூடுதல்! ஜப்பானில் பிறந்தவர்கள் கலிபோர்னியாவில் நிலம் வாங்க 1913-லேயே தடை. அதனால் தோட்டத்தை, இங்கேயே பிறந்து குடிமகனான மூத்த பையன் பெயரில் எழுதினார்கள். என் மாமனாருக்கு அப்போது இரண்டு வயது.

1952-ல் சட்டம் மாறிக் குடியுரிமைக்கு வழி திறந்தபோது அந்த அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பழம் பிசைந்துகொண்டே ஜனாதிபதிகள் பெயரை மனப்பாடம் செய்வாராம், பழத்துக்கு ஒருவராக. லிங்கன் கடைசிவரை 'ரிங்கான்'தான்.

டிசம்பர் 1

குடும்ப ஆல்பத்துக்கு அந்த அம்மாவைப் பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்துக் காட்டினேன். 'பொறுமையே உருவானவர்' என்ற இடத்தில் அத்தை கையைத் தூக்கிவிட்டார். "அதை அடி. 'ஷிகாதா கா நாய்', வேறு வழியில்லை என்று சொன்னதெல்லாம் அப்பா. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை."

1942 மே. ஜப்பானோடு போர், ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்த காலம். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் அர்போகா முகாம், பிறகு ரயிலேறி டூலி லேக். குடும்பத்துக்கு ஓர் எண், கோட்டில் தொங்கும் அட்டை. பதினாலு வயது அத்தைதான் அதை அம்மாவின் பொத்தானில் கட்டினாராம். ரயிலில் அம்மா அதை அறுத்துக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சிப்பாய் வந்து கேட்டான். எழுந்திருக்கவே இல்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

டிசம்பர் 15

பழத்தின் மேல் வெள்ளை பூத்துவிட்டது. மாவு இல்லை, உள்ளிருக்கும் சர்க்கரையே வெளியே வந்திருக்கிறது.

முகாமில் அடைத்ததற்காக 1988 சட்டத்தின்படி அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது, உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். அம்மா 1979-லேயே போய்விட்டார். அத்தை தன் பங்கில் இந்தத் தாழ்வாரத்துக்குக் கூரை போட்டார், பழம் நனையாமலிருக்க.

முதல் பழம் அம்மா படத்துக்கு. குச்சியில் தொங்கிய இரண்டில் ஒன்றை எடுத்து வைத்தார் அத்தை.

"நல்லதாக ஒன்று வைக்கலாமே?"

"வேண்டாம். பார்த்துத் திட்டட்டும்."