கம்மோடுக்குப் பின்னால் ஓர் இடைவெளி

"பின்பக்கம் கொஞ்சம் விட்டுருதேன் அண்ணாச்சி, முழுசா அடைக்கக் கூடாதுல்லா" என்றார் பிளம்பர்.

பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இன்று புது வெஸ்டர்ன் கம்மோடு வைத்தோம். அடிவிளிம்பைச் சுற்றி இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டார். அறை முழுக்க அந்தப் பசையின் வினிகர் வாடை. சுவரோரமாகப் பின்னால் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை.

எவ்வளவு சரியான வேலை!

அடைக்கவே வேண்டாம் என்பவர்கள் உண்டு. நம் வீடுகளுக்கு அது சரிப்படாது. குளிப்பதும் அதே அறையில்தானே. வாளித் தண்ணீர் அடியில் புகுந்து தேங்கினால் நாற்றம், பூஞ்சை, கரப்பான்.

முழுக்க அடைத்தால் அதைவிட மோசம். அடியில் உள்ள இணைப்பு கசிந்தாலும் வெளியே தெரியாது. மாடி வீடு என்றால் கீழே சீலிங்கில் ஈரம் படர்ந்த பிறகுதான் தெரியும். இடைவெளி இருந்தால் கசிவு அந்த வழியாக வெளியே வந்துவிடும்.

பலர் வெள்ளை சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். அது விரிசல் விடும். அப்புறம் கழற்ற உளி வைத்தால் பீங்கானே உடையலாம். சிலிக்கானை பிளேடால் கீறி எடுத்துவிடலாம். ஆனால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

இன்னொன்று. கம்மோடு ஆடுகிறது என்றால் அதன்மேல் சிலிக்கான் பூசி மறைக்காதீர்கள். முதலில் போல்ட்டைப் பாருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கை ஊன்றி எழும்போது அது இம்மியும் அசையக் கூடாது.