ஒரு ஜெபமாலை நேரம்

சுகாதார ஆய்வாளர் வேலையில் இருப்பவர்களுக்குத் திருவிழா டியூட்டி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பிளீச்சிங் பவுடர் வாடைதான். கையில் ஏறிவிட்டால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் அந்த வாடை முந்திக்கொண்டு வரும். வேளாங்கண்ணி என்றதும் பலருக்குக் கடலும் மெழுகுவத்தியும் நினைவுக்கு வரலாம். எனக்கு அந்த வாடையும் ஒரு பாட்டியம்மாவின் குரலும்.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் திறந்தவெளி ஆராதனை என்றால் கன்வென்ஷன் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். மணலில் பாயை விரித்து ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவோம். பாட்டு, ஜெபம், பிரசங்கம், மறுபடியும் பாட்டு. எல்லார் முகமும் மேடையைப் பார்த்தபடி இருக்கும். ஆராதனை என்றால் அப்படி உட்கார்ந்து கேட்பதுதான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. மாதா கோயில், தேர், ஜெபமாலை இதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுக்கே வராது. அம்மா கொஞ்சம் கண்டிப்பானவள்.

2009-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் வேளாங்கண்ணி கேம்ப் டியூட்டி போட்டார்கள். ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் திருப்பலி, அன்று மாலை கொடியிறக்கம். அத்தனை நாளும் அங்கேயே தங்கல்.

கொடியேற்றத்துக்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலை காவி நிறமாகிவிடும். சென்னை, பாண்டிச்சேரி, திருச்சி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ நடந்து வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் மாதா சொரூபம் வைத்த ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும். பேட்டரி விளக்கு, ஒலிபெருக்கி, ஓரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்ணீர்ப் பாட்டில்கள். செருப்பில்லாத கால்கள். மருத்துவ முகாமில் நான் பார்த்த முதல் கூட்டமே கால் கொப்புளத்துக்கு மருந்து போட வந்தவர்கள்தான். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் போகிற மணல் பாதையில் முழங்காலால் நடப்பவர்களையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். திருப்பலி தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, தெலுங்கு, கொங்கணி, இந்தி, ஆங்கிலம் என்று விடியற்காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கும். கூட்டம் கோயிலுக்குள் அடங்காது. மணலிலும் சாலையிலும் கடைகளின் வாசலிலும் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக் காலரா வந்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில் பிறந்ததுதான் எங்கள் வேலை. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் உண்டு. கோயில் திருவிழாவோ தர்கா கந்தூரியோ தேர்ப் பவனியோ, சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கழிவு தேங்கக் கூடாது, ஈ மொய்த்த பண்டம் விற்கக் கூடாது.

வேளாங்கண்ணிக் கரையில் தோண்டினால் உப்புத் தண்ணீர். குடிநீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். குழாயில் வருவது போதாமல் திருவிழா நாட்களில் லாரியில் கொண்டுவந்து சின்டெக்ஸ் டேங்குகளில் நிரப்புவார்கள். அதில் 14 டேங்க் என் பொறுப்பு. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. அதை அப்படியே டேங்கில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, அப்புறம் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டுவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்ற வேண்டும். மூடியை மூடி அரை மணி நேரமாவது குழாயைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசலைச் சொட்டுவிட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். உடனே பார்த்துவிட வேண்டும், தாமதித்தால் நிறம் கூடிப்போய்க் கணக்குத் தப்பும். 0.5 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின், வந்தால் நிம்மதி. நிறமே ஏறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

செப்டம்பர் 7 சாயங்காலம். கடைசிச் சுற்றில் பதினோரு டேங்க் பார்த்து முடித்துவிட்டேன். மிச்சம் மூன்றும் வண்டிகள் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியில். பேராலயத்தின் பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தம். பெரிய தேர் புறப்படும் நேரம். எல்லாரும் சொல்கிறார்களே, ஒரு தடவை அந்தத் தேரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. காலையில் அந்த மூன்றும் சரியாகத்தான் இருந்தன. பதிவேட்டில் மூன்றுக்கும் 0.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியம்மா வழிமறித்தார். காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, ஒரு காலில் துணிக்கட்டு. கையில் காலிப் பாட்டில்.

"ஐயா, நீங்க தண்ணி ஆபீசருங்களா? அந்தக் கோடி டேங்குல பிடிக்கலாங்களா? கூட சின்னப் புள்ளைங்க இருக்கு."

"பிடிக்கலாம்மா, நல்ல தண்ணிதான்" என்றேன்.

"சரிங்கய்யா, மாதா உங்களை நல்லா வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. விருத்தாசலம் பக்கத்திலிருந்து நாள்கணக்கில் நடந்து வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டார், நான் சொன்னதை நம்பினார். அந்தத் துணிக்கட்டுக் கால் மணலில் புதைந்து புதைந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். அதற்குமேல் தேரின் பக்கம் கால் நகரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே போனேன்.

குழாயில் தண்ணீர் பிடித்தேன். கரைசலை விட்டேன். டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் அப்படியே நின்றது. மஞ்சளின் சாயல்கூட இல்லை. மத்தியானத்துக்கு மேல் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் போட்ட மருந்துக்கும் இந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

சுற்றிலும் இருபது பேர் இருப்பார்கள். ஆறேழு குழந்தைகள். பாட்டியம்மாவின் பாட்டில் பாதி நிறைந்திருந்தது. நல்லவேளை, யாரும் இன்னும் வாய் வைக்கவில்லை.

"அம்மா, இதைக் குடிக்காதீங்க. கொட்டிடுங்க."

"இப்பதானே நல்ல தண்ணின்னீங்க?"

"பார்க்காமலே சொல்லிட்டேம்மா."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தொண்டை அடைத்தது. கூட்டத்தில் ஓர் ஆள் கோபப்பட்டார், நியாயமான கோபம். பாட்டியம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து போட்டா எவ்ளோ நேரமாவும்?"

"அரை மணி நேரம்மா."

"அரை மணின்னா ஒரு ஜெபமாலை நேரந்தானே. உக்காருங்கடி எல்லாரும்."

நான் வாளியில் கரைக்க ஆரம்பித்தேன். கூட வேலை பார்த்த மஸ்தூர் (கூலிப் பணியாளர்) தம்பி மிச்ச இரண்டு டேங்குக் குழாய்களையும் மூட ஓடினான். அவர்கள் டேங்கைச் சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டியம்மா முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு குரல் போவதும், இருபது குரல் திரும்பி வருவதும். நான் ஏணியில் ஏறித் தெளிவை ஊற்றி, மூடியைப் போட்டு, இறங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தூரத்தில் பெரிய தேர் அசைந்து வருவது விளக்கு வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. "மரியே வாழ்க" என்று கூட்டம் எழுப்பிய சத்தம் கடல் இரைச்சலோடு சேர்ந்து வந்தது. அங்கே லட்சக்கணக்கான பேர் தேரைப் பார்த்து நிற்கிறார்கள். இங்கே இருபது பேர் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை தூரம் நடந்து வந்தது இந்தத் தேரைப் பார்க்கத்தான். நான் எழுதிய பொய்க் கணக்கால் அவர்கள் அதைத் தூரத்திலிருந்தே பார்க்க நேர்ந்தது. ஆனால் எவர் முகத்திலும் அவசரம் இல்லை. தாகத்தோடு காத்திருந்த நேரத்தை அப்படியே எடுத்து ஜெபமாக்கிக்கொண்டார்கள்.

எனக்கு அந்த ஜெபம் தெரியாது. வாய்விட்டுச் சொல்ல வரவும் இல்லை. ஆனால் நடுநடுவே கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. அதைச் சொல்கிற வார்த்தைகள் எங்கள் சபையில் கொஞ்சம் மாறும். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று என் வாய் என் ஊர்ப் பாடத்தையே சொன்னது. கையெல்லாம் பிளீச்சிங் வாடை. அப்படியே கூப்பினேன். எத்தனையோ கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன், நல்ல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். செய்த தவறின் முன்னால் நின்றுகொண்டு, அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து ஜெபித்தது அன்றைக்குத்தான்.

ஜெபமாலை முடிந்து மாதா பிரார்த்தனையும் முடிந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. குழாயில் பிடித்துக் கரைசலை விட்டேன். மஞ்சள் ஏறியது. ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, "ஐய, இந்த மஞ்சத் தண்ணியவா குடிக்கணும்?" என்றாள். "இது சோதனைக்கு மட்டும் கண்ணு, இதைக் கொட்டிடணும்" என்று சொல்லித் தள்ளிப்போய்க் கொட்டினேன். முதல் பாட்டிலைப் பாட்டியம்மாவுக்கு நானே பிடித்துக் கொடுத்தேன். அவர் அந்தச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கேட்டார்.

மற்ற இரண்டு டேங்கில் ஒன்று சரியாக இருந்தது, ஒன்றில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு முகாமுக்குத் திரும்பி என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "அடிச்சிட்டு உண்மையை எழுதி, நேரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். திட்டவில்லை. அடித்து எழுதிய அந்த மூன்று வரி இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது.

வேளாங்கண்ணியின் கதைகளை அடுத்த நாள்தான் முழுசாகக் கேட்டேன். மாதா குளத்தின் பக்கம் பால் கொண்டுபோன ஒரு பையன் ஆலமர நிழலில் இளைப்பாறியபோது மாதா காட்சி கொடுத்துத் தன் குழந்தைக்குப் பால் கேட்டாராம். அப்புறம் நடுத்திட்டு என்கிற இடத்தில் மோர் விற்ற, நடக்க முடியாத ஒரு பையனிடம் குழந்தைக்கு மோர் கேட்டாராம். அவன் கொடுத்தான், எழுந்து நடந்தான் என்று சொல்கிறார்கள். போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் தப்பிக் கரையேறிய கதையைவிட இந்த இரண்டும்தான் எனக்கு ஒட்டிக்கொண்டன. இரண்டிலும் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் குடிக்கக் கேட்கிறாள். முந்தின இரவு என்னிடம் கேட்டதும் அதேதான். "கூட சின்னப் புள்ளைங்க இருக்கு."

டியூட்டி முடிந்து ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள்: "ஏல, அங்கன போயி நீயும் கும்பிட்டியால?" நடந்ததை முழுசாகச் சொன்னேன், ஜெபமாலையில் கை கூப்பி நின்றதையும் மறைக்கவில்லை. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ஆச்சி தண்ணி குடிச்சாளா இல்லியா?" என்றாள். "குடிச்சாங்கம்மா" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடம் அந்த டியூட்டியைக் கேட்டு வாங்கிப் போனேன். 2020-இல் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே கொடியேறியது. சாலையில் காவி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் ஆள் இல்லை. கோயில் மணிச் சத்தமும் கடல் சத்தமும் மட்டும். வேலை குறைந்ததே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காலியாகக் கிடந்த மணலைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தேன்.

கூட்டம் திரும்பி வந்த வருடம், கொடியிறக்கம் முடிந்த பிறகு டேங்குகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காலி செய்துகொண்டிருந்தோம். மிச்சத் தண்ணீர் மணலில் ஓடியது. ஊருக்குத் திரும்பும் கூட்டத்தில் ஒரு பையன் ஓடிவந்து அதில் காலை நனைத்தான். அவனுடைய அப்பா, "டேய், அது குடிக்கிற தண்ணிடா, மிதிக்காதே" என்று அதட்டினார். "பரவாயில்லைங்க, நனையட்டும்" என்றேன். அவரும் வந்து நின்றார். கொப்புளம் வெடித்த இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, டேங்க் காலியாகும்வரை அப்படியே நின்றார்.