கூரைக்குள் கீசர், வெளியே அதன் குழாய்கள்

நம்மூரில் ஆடி என்றால் காற்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி என்றால் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் எழுந்து தலைக்குக் குளிக்க வேண்டிய இந்த நேரம் பார்த்துத்தான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவுக்கு ஒரு கீசர் மண்டையைப் போடும். அதில் மர்மம் ஒன்றுமில்லை. வரும் தண்ணீர் கோடையைவிடக் குளிர்ந்திருக்கிறது, நாமும் வெந்நீரை விட்டு வெளியே வர மனமில்லாமல் நிற்கிறோம், தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் இரட்டை வேலை பார்க்கிறது. ஏற்கெனவே நோஞ்சானாக இருந்தது இப்போது படுத்துவிடுகிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்று. அங்கே பாத்ரூம் சுவரில் தொங்கும் 15 லிட்டர், 25 லிட்டர் கீசரை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். இங்கே சாதாரண வீட்டிலேயே 150 லிட்டர் தொட்டி, அதுவும் பெரும்பாலும் சீலிங்குக்கு மேலே, கூரைக்குள் படுத்திருக்கும். தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கண்ணில் படாததால் வருடக்கணக்கில் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. ஏறிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வெளியே கூரை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களைப் பாருங்கள். கீசர் தன் உடம்புக்கு வருவதைப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் சொல்கிறது.

செம்புக் குழாய் என்றால் அது தொட்டியின் பாதுகாப்பு வால்விலிருந்து வருவது. தடித்த வெள்ளை பிளாஸ்டிக் குழாய் என்றால் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டிலிருந்து வருவது. இரண்டிலும் சொட்டுவது ஒன்றல்ல. தண்ணீர் சூடானால் விரியும். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் கூடுதலாகிறது, அது எங்காவது போயாக வேண்டும், செம்புக் குழாய் வழியே சொட்டிப் போகிறது. அதனால் சூடேறும் நேரத்தில் செம்புக் குழாய் சொட்டினால் பதற வேண்டாம். வெள்ளைக் குழாய் சொட்டினால் கதை வேறு. தட்டில் தண்ணீர் சேர்கிறது என்றால் தொட்டியோ, அதன் இணைப்போ ஒழுகுகிறது என்று அர்த்தம், அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயா செம்புக் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார். "சும்மா போற தண்ணி, கறிவேப்பிலைக்கு ஆவுது தம்பி" என்பார். சிக்கனத்துக்காக வைத்த வாளிதான், ஆனால் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி கீசரை அணைத்துவிட்டுப் படுத்தும் காலையில் வாளி நிறைந்து வழிந்திருந்தது. சூடே ஏறாதபோது தண்ணீர் விரியாது, அப்படியானால் வந்தது எங்கிருந்து? அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேய்ந்துவிட்டது, தெருக் குழாயின் முழு வேகமும் உள்ளே ஏறுகிறது. வால்வை மாற்றியதும் சரியாகிவிட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த அழுத்தத்தைத் தொட்டி எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று தெரியாது.

சொட்டுவது தொல்லையாக இருக்கிறதென்று அந்தக் குழாயில் கட்டை வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதிநிலையைத் தாண்டினால் வெளியே போக இருக்கும் வழி அது ஒன்றுதான். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். தொட்டி கிழிந்த கணத்தில் நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கூரை தூக்கிப் போவது இப்படித்தான். செம்புக் குழாயில் புகையோடு வெந்நீர் கொட்டினாலோ, பச்சைத் தண்ணீர்க் குழாயில் சூடாக வந்தாலோ டிபி போர்டில் (வீட்டு மின்சாரத்தைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி) கீசர் சுவிட்சை இறக்கிவிட்டு, குழாய் எதையும் திறக்காமல், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஆற விடுங்கள்.

இனி, வெந்நீரே வரவில்லை என்கிற சாதாரண வழக்கு. முதலில் டிபி போர்டு. பிளக்குகளும் சேர்ந்து போயிருந்தால் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச், விழுந்திருக்கும். கீசர் சுவிட்சை இறக்கிவிட்டு எர்த் லீக்கேஜை ஏற்றுங்கள். அது நின்று, கீசரைப் போட்டதும் மறுபடி விழுந்தால் குற்றவாளி கீசர்தான், பெரும்பாலும் எலிமெண்ட் விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டாம். வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம், அது மலிவான சாமான். வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் கவலைப்படுங்கள். தொட்டிக்குள் மெக்னீசிய அனோடு ஒன்று இருக்கும், இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை, அது தீர்ந்துபோனால் துரு தொட்டியில் கை வைக்கும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் தொட்டியின் ஆயுள் நீளும். பச்சைத் தண்ணீரும் பழுப்பாக வந்தால் அது மாநகராட்சியின் கைங்கரியம், கீசரைத் திட்டாதீர்கள்.

மாநகராட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பக்கத்து ஜனங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகும் டர்பனில் தண்ணீர் நிற்பது நமக்குப் பழகிய விஷயம்தான். தண்ணீர் நின்றால் கீசரை அணைத்துவிடுங்கள். பழைய பொருத்தலில் தொட்டித் தண்ணீர் பின்வாங்கி வடிந்துவிடலாம், வெறும் தொட்டியில் எலிமெண்ட் எரிந்து போகும். தண்ணீர் வந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்பித் துப்பி முடிந்து சீராக ஓடும் வரை விட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-இல் இதே மாதிரி கரண்ட் போகும்போதெல்லாம் அணைத்து வைத்தவர்களும் உண்டு, அதுவும் நல்ல பழக்கம்தான்.

சீலிங் பலகை நனைந்து தொப்பை போடத் தொடங்கிவிட்டதா? முதலில் கரண்டை நிறுத்துங்கள், அடுத்து தண்ணீர் வால்வை மூடுங்கள், இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு கீழே பெரிய வாளியை வைத்து, நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, தொப்பையின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளை போடுங்கள். ஒரு துளையோடு போகும், இல்லாவிட்டால் மொத்தப் பலகையும் சோபா மேல் விழும்.

நிறுத்தியாகிவிட்டது என்றால் பிளம்பருக்கு முன்னால் இன்சூரன்ஸுக்குப் போன் போடுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் கட்டடத்துக்குக் காப்பீடும் இருக்கும், கீசர் வெடிப்பு பெரும்பாலும் அதில் அடங்கும், அவர்களே ஆள் அனுப்பவும் செய்வார்கள். அதற்குள் நனைந்த இடத்தையும், தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். புதிது பொருத்திய பிளம்பரிடம் கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தரமான எஸ்ஏஎன்எஸ் 10254-இன்படி வேலை செய்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், முணுமுணுப்பார், விடாதீர்கள், அடுத்த முறை கிளெய்ம் போடும்போது அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். அவர் ஏணியை மடிப்பதற்குள் தெர்மோஸ்டாட்டை 60-இல் வைத்தாரா என்றும் கேட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை ரொம்ப இறக்கினால் தொட்டிக்குள் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்ததாகும்.