எல்லே இளங்கிளியே: திருவில்லிபுத்தூரில் ஒரு மார்கழி விடியல்

திருப்பாவையை மழலைப் பருவத்திலிருந்தே மனப்பாடமாகச் சேவித்து வளர்ந்தவர்களுக்குக்கூட அதில் ஒன்று எளிதில் கவனத்துக்கு வராமல் போய்விடுகிறது. ஆண்டாள் கண்ணனைக் காணத் தனியாகப் போகவில்லை. 6-ஆம் பாசுரம் தொடங்கி 15-ஆம் பாசுரம் வரை பத்துப் பெண்களின் வாசலில் நின்று, கூவி, கடிந்து, கெஞ்சி, அவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்ட பிறகுதான் 16-ஆம் பாசுரத்தில் நந்தகோபன் மாளிகையின் வாயில்காப்போனிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறாள். அந்தப் பத்துப் பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒருத்தி சுற்றிலும் விளக்கெரியும் மாடத்தில் மெத்தை மேல் உறங்குகிறாள். இன்னொருத்தியின் வீட்டு வாசல் எருமைகள் சொரிந்த பாலால் சேறாகிக் கிடக்கிறது. வேறொருத்தியோ, உங்களை நான்தான் முதலில் எழுப்புவேன் என்று வாய் பேசிவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இதை எனக்கு உணர்த்தியவள், திருப்பாவையில் ஒரு வரிகூட அறியாத என் தோழி.

மதுரை காமராசர் பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். நான் நாங்குநேரிக்காரி, வானமாமலைப் பெருமாள் கோயில் மணியோசையில் விழித்துப் பழகியவள், முதுகலைத் தமிழ் மாணவி. அவள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தவள், தாவரவியல் மாணவி. கடவுள் வழிபாடே இல்லாத வீட்டில் வளர்ந்தவள். மனத்தில் தோன்றியதை உரக்கச் சொல்லிவிடுவாள். நான் விளக்கேற்றும் நேரத்தில் அவள் பாட்டுக்கு இலைகளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பாள். ஆயினும் ஒருத்தி இல்லாமல் மற்றவள் உணவுக்கூடத்துக்குப் போனதில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் வகுப்புக்குப் போனதில்லை. சகோதரிகளுக்கிடையே கூட நான் அத்தகைய ஒட்டுதலைக் கண்டதில்லை.

மார்கழி 15-ஆம் நாளன்று ஆண்டாளைச் சேவிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "ஆண்டாள் கையில இருக்குற அந்தக் கிளியைப் பார்க்கணும், நானும் வர்றேன்" என்றாள். முதல் நாள் மாலை திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகப் பேருந்தில் சென்று, மாட வீதியிலுள்ள என் அத்தை வீட்டில் தங்கினோம். "நாளைக்கு உன்னை நான்தான் எழுப்புவேன், பாரு" என்று சொல்லிப் படுத்தவளை, கோலம் போட்டு முடித்த அத்தைதான், "எந்திரிம்மா, கோயில் நடை திறந்தாச்சு" என்று தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அத்தை வீட்டுப் பூஜையறையில், ஆண்டாளின் இடக்கையில் இருந்து பிரசாதமாகக் கிடைத்த கிளி ஒன்று இருந்தது. நாள்தோறும் புதிதாகச் செய்து சாத்தப்படும் அந்தக் கிளியை அவள் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து விளக்கடியில் ஆராய்ந்தாள். மாதுளம்பூவால் அமைந்த அலகு, மரவள்ளி இலையால் ஆன உடல், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்த இறக்கை, அரளி மொட்டுகள் கோத்த வால், காக்காய்ப்பொன் ஒட்டிய கண், எல்லாவற்றையும் பிணைக்கும் வாழைநார் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அத்தையிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். "இத்தனை இலையும் ஒரு நாள்ல வாடிடும்னு தெரிஞ்சும் தினமும் செய்றாங்களா அத்தை?" என்று அவள் கேட்ட குரலில் இருந்த மதிப்பு, பக்தி என்று நான் அதுவரை அறிந்திருந்ததற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இருள் பிரியாத வேளையில் கோயிலுக்குள் நுழைந்தோம். பதினொரு நிலைக் கோபுரத்தின் கீழே, பள்ளிகொண்ட பெருமாளான வடபத்ரசாயியைச் சேவித்து, பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனத்தைக் கடந்து, ஆண்டாள் சந்நிதிக்கு வந்தோம். மணவாளரான ரங்கமன்னாருக்கு வலப்புறம் ஆண்டாளும் இடப்புறம் கருடாழ்வாரும் ஒரே ஆசனத்தில் எழுந்தருளியிருக்கும் அந்தச் சேவை வேறெங்கும் எளிதில் வாய்க்காது. பாசுரங்களைக் கூடி ஓதும் கோஷ்டியார் திருப்பாவை முழுவதும் சேவித்து, அன்றைய நாளுக்குரிய 15-ஆம் பாசுரத்தை மட்டும் இரண்டு முறை சேவித்தனர். கைகூப்பாமல், ஆனால் சற்றும் அசையாமல், அவள் என் அருகில் நின்றிருந்தாள்.

"எல்லே இளங்கிளியே இன்னம் உறங்குதியோ" என்று தொடங்கும் அப்பாசுரம், வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே இருப்பவளுக்கும் நடக்கும் வாக்குவாதம். உன் பேச்சுச் சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா என்று அவர்கள் குத்துகிறார்கள். நீங்கள்தான் சாமர்த்தியசாலிகள் என்று அவள் பதிலடி கொடுக்கிறாள். உடனே, "நானேதான் ஆயிடுக" என்று, குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என ஏற்றுக்கொண்டுவிடுகிறாள். உரையாசிரியர்கள் இப்பாட்டையே திருப்பாவையின் உயிராகக் கொண்டாடியிருக்கிறார்கள். அடியார்க்குரிய பண்பு இந்த ஒரு சொற்றொடரில் அடங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து.

அந்த வரி செவியில் விழுந்தபோது, முந்தைய பருவத்தில் எங்களுக்குள் மூண்ட ஒரு பிணக்கு நினைவுக்கு வந்தது. யார் மேலும் தவறென்று சொல்ல முடியாத ஒரு சிறு விஷயம், பேச்சே அற்றுப்போகும் அளவுக்கு முற்றியிருந்தது. ஒரு நாள் இரவு அவளே என் கட்டிலருகே வந்து அமர்ந்து, "சரி புள்ள, தப்பு என்னோடதாவே இருக்கட்டும், சாப்பிட வா" என்றாள். நான் நாள்தோறும் சேவித்துவந்த பாசுரத்தை, அதைக் கேள்விப்பட்டே இராத ஒருத்தி வாழ்ந்து காட்டியிருந்தாள். சந்நிதியில் எனக்குக் கண் நிறைந்தது ஆண்டாளின் அழகால் மட்டும் அன்று.

ஓதுதலை நிறைவுசெய்யும் சாத்துமுறை முடிந்து, தீர்த்தமும் சடாரியும் பெற்று, கருவறைச் சுற்றில் ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களின் ஓவியங்களிடையே என் ஊர் வானமாமலையைத் தேடிக் காட்டினேன். ஆண்டாள் மாலை சூடித் தன் அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றையும் எட்டிப் பார்த்தோம்.

திரும்பும் பேருந்தில் மீதிப் பாசுரங்களின் பொருளை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். 27-ஆம் பாசுரத்தில் பால்சோறு மூட நெய் பெய்து, அது முழங்கை வழியே வழிய, எல்லோரும் கூடியிருந்து உண்பதைச் சொன்னதும், "ஆரம்பத்துல நெய் உண்ண மாட்டோம்னாங்கன்னு சொன்னியே?" என்று மடக்கினாள். அந்த நோன்பு அங்கேதான் முடிகிறது, தனியே உண்ண அல்ல, கூடியிருந்து குளிர்வதற்காகவே அத்தனை நாளும் விட்டுவைத்தார்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, அத்தைக்குக் கைப்பேசியில் அழைத்து, அந்த 27-ஆம் பாசுரத்துக்குரிய கூடாரவல்லி நாளுக்கு இரண்டு பேரும் வருவதாகவும், பாலும் நெய்யும் சேர்ந்த அக்காரவடிசிலைத் தனக்கும் சேர்த்துச் செய்யும்படியும் அவளே சொல்லிவிட்டாள்.