சி என்றால் சுடுதண்ணீர்

ரோமில் தங்கிய விடுதியின் குளியலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றின் மேல் 'சி', மற்றதன் மேல் 'எஃப்'. "சி என்றால் கோல்டு. இதற்கெல்லாம் ஒரு விளக்கமா?" என்று சித்தப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஃப் எதற்கு என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் எழுந்த "ஐயோ!" மாடி முழுக்கக் கேட்டது.

இத்தாலியில் சி என்றால் கால்தோ, அதாவது சூடு. எஃப் என்றால் ஃப்ரெத்தோ, குளிர்ச்சி. லத்தீனில் 'காலிதுஸ்' என்றிருந்த சொல் பேச்சில் 'கால்துஸ்' ஆகத் தேய்ந்து, இத்தாலியில் கால்தோ, ருமேனியாவில் கல்த் என்று சூடு ஆறாமல் நிற்கிறது. பிரான்சில் உருக்குலைந்து 'ஷோ' ஆகிவிட்டாலும் குழாயில் எழுதுவது என்னவோ அதே சிதான். நாம் பார்த்துப் பயப்படும் கலோரியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. சித்தப்பா முதுகில் களிம்பு தடவக் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டார். "கால்தோ, சூடு" என்று மனப்பாடமும் செய்துகொண்டார். அங்கேதான் வினை.

மாட்ரிட்டில் ஒரு பழைய கடையில் பால் ஆறிப்போய் வந்தது. சித்தப்பா கோப்பையைச் சுட்டிக்காட்டி "கால்தோ! கால்தோ!" என்றார். பரிமாறுபவர் முகம் மலர்ந்து உள்ளே போய், ஆவி பறக்கும் வேறொரு கோப்பையோடு வந்தார். பொன்னிறத் தெளிவு, மேலே மினுமினுக்கும் எண்ணெய்ப் பொட்டுகள். "அடடே, ரசம்!" என்று சித்தப்பா உதட்டருகே கொண்டுபோய்விட்டார். சித்தி மோந்து பார்த்துவிட்டுக் கோப்பையைப் பிடுங்கினார். ஸ்பெயினில் கால்தோ என்றால் இறைச்சியும் எலும்பும் போட்டுக் கொதிக்கவைத்து வடித்த சாறு. சூடான பண்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டதால், சூடு என்பதற்கு அங்கே 'காலியெந்தே' என்று சொல்ல வேண்டும். எங்களுடையதோ அமாவாசையன்று வெங்காயம்கூடத் தொடாத வீடு.

"உங்களுக்கு ஆறின பால் ஆகாதோ?" என்று சித்தி கேட்ட கேள்விக்கு லிஸ்பன் வரை பதில் இல்லை. லிஸ்பனில் குழாயின் மேல் 'கியூ' இருந்தது. போர்த்துகீசில் சூட்டுக்குக் 'கென்தெ'. எழுத்து மாறினாலும் வேர் அதே லத்தீன்தான். சித்தப்பா அன்று குளிக்கவே இல்லை.

கடைசியாக மூனிக். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி "கால்ட்?" என்று கேட்டார். "வேண்டவே வேண்டாம்!" என்று பதறினார் சித்தப்பா. ஜெர்மனில் அது குளிர்ச்சி. லத்தீன் காலிதுஸோடு உறவே இல்லாத, ஆங்கிலக் கோல்டுக்கு உடன்பிறந்த சொல். விளக்க வாயெடுத்தேன்.

"நீ பேசாதே" என்றார். வெயிலில் அடுக்கியிருந்த பாட்டிலில் ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார்.